கண்டக்குழியில் நான் அடைத்த ஒழுகல்

இலங்கையில், சிலாபத்தில் நான் ஏறிய பஸ் முந்தல் ஊரைத் தாண்டியதும் நின்றுவிட்டது. நின்ற விதம் எனக்குத் தெரிந்த விதம். முதலில் ஒரு சீற்றம், பிறகு சக்கரங்கள் இறுகிக்கொண்டன. பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் ஹோஸ் எங்கோ விட்டுவிட்டது.

நான் தூத்துக்குடியில் ஹோஸ் வேலை பார்க்கிறவன். துறைமுகத்தில் தண்ணீருக்குள் இறங்கி வேலை செய்கிறவர்களின் மூச்சுக் கருவிகளைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. அதே வேலைக்காகத்தான் கற்பிட்டிப் பக்கம் என்னை அழைத்திருந்தார்கள். போய்ச் சேருவதற்குள் வேலை ரோட்டிலேயே என்னைப் பிடித்துக்கொண்டது.

கண்டக்டர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு சைக்கிள் டியூப் துண்டை எடுத்தார். பஸ்ஸுக்கு அடியில் படுத்து ஹோஸைச் சுற்றிக் கட்ட ஆரம்பித்தார். நானும் இறங்கிப்போய்க் குனிந்து பார்த்தேன். அதே ஹோஸில் ஏற்கெனவே நாலைந்து கட்டுகள் இருந்தன.

"இதைக் கட்டி ஓட்டக் கூடாதுங்க. புதுசு மாத்தணும்," என்று சத்தம் போட்டேன்.

கண்டக்டர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பக்கத்து சீட்டில் இருந்தவர் தமிழில் சொல்லித் தந்தார்: "கற்பிட்டி மட்டும் தாங்குமாம். திரும்பி வரக்குள்ள பாத்துக்கொள்ளலாமாம்."

டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தன் பையிலிருந்து ஒரு மாளு பாணை எடுத்து நீட்டினார். உள்ளே மீனும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட முக்கோண பன் அது. வாயை அடைக்கக் கொடுத்தார் என்று தெரிந்தது. ஆனாலும் வாங்கித் தின்றேன். நன்றாக இருந்தது. கட்டும் கற்பிட்டி வரை தாங்கியது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. ஒரு தடவை உடைந்து தொலைத்திருந்தால் இவர்களுக்குப் புத்தி வந்திருக்கும்.

என்னை அழைத்தவர் கண்டக்குழியில் இருக்கும் ஒரு ஹாஜியார். இரண்டு போட்டுகளும், சிலிண்டரில் காற்று அடைக்கிற கம்ப்ரசர் ஒன்றும் வைத்திருக்கிறார். அவருடைய ஆட்கள் சங்குக்கும் கடலட்டைக்கும் சிலிண்டர் கட்டி முங்குகிறார்கள். எஞ்சின் சாமான் வாங்க ஒரு தடவை தூத்துக்குடி வந்தபோது என் கடையைப் பார்த்திருக்கிறார். "எல்லா செட்லயும் காத்து ஒழுகுது, வந்து அடைச்சுத் தாங்க" என்று போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

ஓட்டோவில் போகும்போது ரோட்டை அடைத்துக்கொண்டு கழுதைகள் நின்றன. எங்கள் ஊர் மாடு ஹார்ன் அடித்தால் அலுப்போடாவது நகரும். இந்தக் கழுதைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓட்டோக்காரர் இறங்கிப்போய் ஒன்றின் காதில் ஏதோ சொன்னார். அது நகர்ந்தது. என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "சலாம் சொன்ன," என்றார்.

ஹாஜியார் என்னை "வாங்க பாஸ்" என்று வரவேற்றார். கொத்தனார், தச்சர், மெக்கானிக் எல்லோருமே இங்கே பாஸ்தான். கொட்டகைக்குக் கூட்டிப்போனார். அங்கே பார்த்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஹோஸ்கள் எல்லாவற்றிலும் கறுப்பு டேப், அதன் மேல் டியூப் ரப்பர், அதன் மேல் மீன்பிடி நைலான். ஹோஸ் வந்து, சிலிண்டர் காற்றை அளந்து விடுகிற ரெகுலேட்டரில் பூட்டுகிற இடத்தில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும், ஓ-ரிங் என்போம். அதுதான் காற்றை அடைத்துப் பிடிக்கிறது. ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். ரப்பர் செருப்பை வெட்டிச் செய்த வளையம். நீல நிறம். செருப்பின் பூ டிசைன்கூட அதில் தெரிந்தது.

"இதிலயா மூச்சு விடுறாங்க?"

"ஓம். அல்ஹம்துலில்லாஹ், இது வரைக்கும் ஒண்டும் நடக்கல்ல."

பிறகு கம்ப்ரசரைப் பார்த்தேன். காற்றை உள்ளே இழுக்கிற குழாய்க்குப் பக்கத்திலேயே அதை ஓட்டுகிற எஞ்சினின் புகைக்குழாய். இரண்டுக்கும் நடுவே ஒரு முழம் இல்லை.

"ஹாஜியாரே, இந்தப் புகையத்தான் உங்க ஆளுங்களுக்கு சிலிண்டர்ல அடைச்சுக் குடுக்கீங்க."

அவர் தாடியைத் தடவினார். "தல வலிக்குதெண்டு சொல்லுவானுகள். நான் வெயில் எண்டு நெனச்சன்."

எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே பெட்டியை மூடிவிட்டுத் திரும்பியிருப்பேன். ஆனால் அந்த டேப் சுற்றிய ஹோஸ்களை வாயில் கவ்விக்கொண்டு மறுபடியும் ஆட்கள் முங்குவார்கள். அதை நினைத்ததும் போக முடியவில்லை. முதலில் ஒரு நீளக் குழாயை மாட்டி, காற்று இழுக்கிற வாயைக் கொட்டகைக்கு அந்தப் பக்கம், காற்று வருகிற திசையில் உயர்த்திக் கட்டினேன். பிறகுதான் தண்ணீர் குடித்தேன்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ நாளில் இங்கே யாரும் முங்கப் போவதில்லை. செட் எல்லாம் கொட்டகையில் கிடந்தது. காலையில் பாண் என்கிற பிரெட்டும் தேங்காய்ச் சம்பலும் பருப்பும் வந்தன. பாணைச் சம்பலில் அமுக்கித் தின்றால் இட்லியை மறந்துவிடலாம்போல இருந்தது. ஊரில் யாரிடமும் இதைச் சொல்ல மாட்டேன்.

வேலை எளிதுதான். ஒரு பெரிய பேசினில் தண்ணீர். சிலிண்டரில் ரெகுலேட்டரைப் பூட்டித் திறந்து, ஹோஸைத் தண்ணீரில் அமிழ்த்தினால் குமிழி தானே சொல்லிவிடும். பூட்டுகிற இடத்தில் வந்தால் ஓ-ரிங் மாற்ற வேண்டும். ஹோஸின் உடம்பிலிருந்து வந்தால் ஹோஸையே தூக்கிப் போட வேண்டும். சுற்றிக் கட்டினால் ஒழுகல் நிற்காது. கட்டுக்கு உள்ளே ஓடி வேறு இடத்தில் வீங்கும். ஒரு நாள் அங்கே வெடிக்கும். டேப்பை உரிக்க உரிக்க உள்ளே உப்புப் பூத்துப் பச்சை பிடித்த பித்தளைகளாக வந்தன. மோசமான ஹோஸ்களைக் கத்தியால் நடுவே அறுத்துப் போட்டேன். முழுசாக விட்டால் மறுபடியும் எடுத்துக் கட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு செட்டில் மட்டும் டேப் இல்லை. ஹோஸும் நல்ல ஹோஸ். ரிங்கும் செருப்பு ரிங் இல்லை, கடை ரிங். ஆனாலும் பூட்டுகிற இடத்தில் பொடிப்பொடியாக, விடாமல் குமிழி வந்தது. கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ரிங்கின் ஓரத்தில் ஒரு கீறல். பிளேடால் கீறியதுபோல நேராக, துப்புரவாக இருந்தது.

"அது ரிஸ்வான்ட செட்," என்றார் ஹாஜியார். "அவன்ட மட்டும் எத்தன தரம் ரிங் மாத்தினாலும் ஒரு கெழமைல ஒழுகத் தொடங்கும். அது அவன்ட ராசி."

ராசியாவது மண்ணாவது, மாட்டுகிறபோது ஸ்பேனர் பட்டிருக்கும், வேலை தெரியாதவன் மாட்டியிருப்பான் என்று திட்டிக்கொண்டே, கீறிய ரிங்கைப் பழைய ரிங்குகள் கிடந்த மீன் டின்னில் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினேன். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

தொழுகை முடிந்து ரிஸ்வான் வந்தான். முப்பதைத் தாண்டியிருக்கும், அதிகம் பேசாத ஆள். சிலிண்டரைத் திறந்து, பூட்டுகிற இடத்தில் காதை வைத்தான். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான்.

"சத்தமே இல்ல, பாஸ்."

"இருக்கக் கூடாது."

"இவ்வளவு நாளும் தண்ணிக்குள்ள எண்ட காதுக்கிட்ட அது சீறிக்கிட்டே இரிக்கும். பாம்ப தோள்ல போட்டுக்கிட்டுப் போற மாதிரி." சிரித்தான். சாயங்காலம் அவன் மனைவி பரீனா கொடுத்தனுப்பியதாக ஒரு கிண்ணம் வட்டிலப்பம் வந்தது. தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்த்து அவித்த பண்டம். மனிதர்களின் மேல் இருந்த கோபம் பாதி அதில் இறங்கியது.

சனிக்கிழமை காலை ஹாஜியார் என்னையும் போட்டில் ஏற்றினார். "அடைச்சது தண்ணிக்குள்ள நிக்குதாண்டு ஒங்கட கண்ணால பாத்துக்கொள்ளுங்க."

போட்டை ஓட்டியவன் நசீர். ரிஸ்வானின் மச்சான், பரீனாவின் நானா, அதாவது அண்ணன். ரிஸ்வானுக்கும் சேர்த்து இவன் பேசினான். போட்டு நேராகப் போகவில்லை. வடக்கே கொஞ்சம், மேற்கே கொஞ்சம், மறுபடி கரையைப் பார்த்துக் கொஞ்சம் என்று போனது. குடித்திருக்கிறானோ என்றே நினைத்தேன்.

"நேராப் போனா நேராப் பின்னால வருவானுகள்," என்றான். "சங்கு கெடக்குற நிலம் நான் தேடிக் கண்டுபிடிச்சது. ஒருத்தனுக்கும் காட்ட மாட்டன்."

ஒரு இடத்தில் எஞ்சினை நிறுத்தினான். என் கண்ணுக்கு எல்லாக் கடலும் ஒன்றாகத்தான் இருந்தது. ரிஸ்வான் சிலிண்டரைக் கட்டிக்கொண்டான். நான் சுற்றிலும் பார்த்தேன்.

"மிதவை எங்க?"

எங்கள் பக்கத்தில் ஆள் இறங்கினால் அவன் இடுப்பிலிருந்து ஒரு கயிறு மேலே வரும். அதன் முனையில் ஒரு மிதவை கிடக்கும். மிதவை எங்கே போகிறதோ அங்கே ஆள். இதில் விவாதமே கிடையாது.

"மிதவ போட்டா கொடி நட்ட மாதிரி," என்றான் நசீர். "பின்னேரத்துக்குள்ள எல்லா போட்டும் இங்கதான் நிக்கும்."

"அப்போ இவர் எங்க இருக்கார்னு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

ரிஸ்வான் பிஸ்மில்லாஹ் சொல்லிப் பின்பக்கமாக விழுந்தான். தண்ணீர் மூடிக்கொண்டது. நசீர் ப்ளாஸ்கைத் திறந்து, பால் சேர்க்காத பிளேன்டீயை ஊற்றினான். குடிக்கப் போனவன் கோப்பையைக் கீழே வைத்தான். எழுந்து நின்றான்.

"அவன்ட குமிழி எங்க?"

நான் கை காட்டினேன். அதோ, ஒரு கொத்து வருகிறது, அப்புறம் இடைவெளி, அப்புறம் இன்னொரு கொத்து.

"அது மூச்சு. மத்தது எங்க? பொடிக் குமிழி. விடாம வாற குமிழி."

"அதுதான் ஒழுகல். நேத்து அடைச்சிட்டேனே," என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

நசீர் என்னைப் பார்த்தான். கொலைகாரனைப் பார்க்கிற பார்வை.

பிறகு தண்ணீரை விட்டுக் கண் எடுக்காமலே சொன்னான். மூச்சுக் குமிழி விட்டு விட்டுத்தான் வரும். கடல் தட்டையாகக் கிடந்தால் அது போதும். காற்று எழும்பி நுரை தள்ள ஆரம்பித்தால் எது குமிழி, எது நுரை என்று தெரியாது. ஒழுகுகிற குமிழி அப்படியல்ல. சோடா போத்தலைத் திறந்ததுபோல ஒரே இடத்தில் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டே வரும். எந்த அலையிலும் அவன் கண்ணுக்கு அது தெரியும். பக்கத்துப் போட்டுக்காரனுக்கு அது ஒன்றுமே இல்லை. இவனுக்கு அதுதான் மிதவை.

"அது தானா வந்த ஒழுகல் இல்ல, பாஸ். நான்தான் பிளேடால கீறுற."

ஒரு மனிதன் மூச்சு விடுகிற காற்றில் வேண்டுமென்றே ஓட்டை போட்டு, அதற்கு மேலே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறான். அந்தக் கீறல் ஒரு நாள் முழுசாகப் பிய்ந்துவிட்டால் சிலிண்டர் கொஞ்ச நேரத்தில் காலியாகும். அடியில் இருக்கிறவன் கதி?

"ரிஸ்வானுக்குத் தெரியுமா?"

"தெரியா. தெரிஞ்சா உடுவானா?"

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அப்போது காற்று எழும்பியது. இந்தக் கரையில் வெயில் ஏறியதும் வருகிற காற்று. தண்ணீரின் மேல்தோல் சுருங்கி, வெள்ளை வெள்ளையாக நுரை முளைத்தது. நான் கை காட்டிக்கொண்டிருந்த மூச்சுக் கொத்து எங்கே என்று எனக்கே தெரியவில்லை.

நசீர் எஞ்சின் கயிற்றைப் பிடித்தான். விட்டுவிட்டான். எஞ்சினைப் போட்டால், அடியிலிருந்து எழும்பி வருகிறவன் தலையில் விசிறி படலாம். போடாவிட்டால் காற்று போட்டை இழுத்துக்கொண்டு போகும். அவன் ஒரு துடுப்பை எடுத்தான், நான் ஒன்றை எடுத்தேன். ஒரே இடத்தில் நிற்பதற்காக இரண்டு பேரும் வலித்தோம். எனக்கு வலிக்கத் தெரியாது. போட்டு சுற்றியது.

ரிஸ்வான் மேலே வர வேண்டிய நேரம் வந்தது. வரவில்லை. அந்த நேரமும் கடந்தது.

"நீங்க அந்தப் பக்கம் பாருங்க, பாஸ். கண்ணச் சிமிட்டாதீங்க."

பார்த்தேன். ஒவ்வொரு நுரையும் தலையாகத் தெரிந்தது. மறு நொடி தண்ணீராகப் போனது. என்னால்தான் இது என்று ஒரு நினைப்பு. இல்லை, இந்தக் கிறுக்கனால்தான் என்று இன்னொரு நினைப்பு. இரண்டையும் யோசிக்க நேரமில்லை. நசீரின் உதடு ஓதிக்கொண்டிருந்தது. கடைசியில் எஞ்சினைப் போட்டான். நீரோட்டம் போகிற பக்கமாக மெதுவாகத் தேடிக்கொண்டு போனோம். தூரத்தில் ஒரு போட்டு வேகமாகக் குறுக்கே ஓடியது. நசீர் எழுந்து இரண்டு கையையும் விரித்துக் கத்தினான். அதை ஓட்டியவனுக்குக் கேட்கவில்லை. நீரோட்டம் ரிஸ்வானை இழுத்திருக்கக்கூடியதும் அது ஓடுகிற பக்கம்தான்.

அந்தப் போட்டு திடீரென்று வேகம் குறைந்து நின்றது. அதிலிருந்தவன் குனிந்து கறுப்பாக எதையோ மேலே இழுத்தான். அது ஆடியது. கை, கால்.

நாங்கள் கிட்டே போனோம். அந்தப் போட்டுக்காரன் கத்தினான்: "நசீர் நானா, ஒங்கட சாமான் ஒண்டு எங்கட போட்டுல ஏறிக் கெடக்கு. வேணுமா, இல்லாட்டி விலைக்குக் குடுக்கவா?"

ரிஸ்வான் எங்கள் போட்டுக்கு மாறினான். முகம் வெளுத்திருந்தது. "கத்தினன். கேக்கல்லயா? ரெண்டு தரம் எண்ட பக்கத்தாலதான் போனீங்க."

நசீர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி இது: "எந்த எடத்துல எழும்பின? நம்மட நிலத்துக்குக் கிட்டவா?"

"இல்ல. கன தூரம் இழுத்திட்டு."

"நல்ல வேள," என்றான் நசீர்.

அதோடு என் பொறுமை போய்விட்டது. ரிங், பிளேடு, குமிழி எல்லாவற்றையும் அங்கேயே ரிஸ்வானிடம் சொன்னேன். ஒரு வார்த்தை மிச்சம் வைக்கவில்லை. ரிஸ்வான் கேட்டுக்கொண்டிருந்தான். நசீரின் பக்கம் திரும்பவே இல்லை. கரைக்கு வந்ததும் ரெகுலேட்டரைக் கழற்றி என் கையில் வைத்தான்.

"இத நீங்களே வெச்சிக்கொள்ளுங்க, பாஸ். நான் இனி இவரோட போகல்ல."

அன்று பின்னேரம் நான் கொட்டகையில் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். நசீர் வந்தான். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அவன் மீன் டின்னுக்கு முன்னால் குந்தி, பழைய ரிங்குகளைக் கிளற ஆரம்பித்தான்.

"என்ன தேடுற?"

"அந்தக் கீறின ரிங்க தாங்க, பாஸ். அது சரியான அளவுல கீறினது. இன்னொண்டு கீறி எடுக்குற கஷ்டம்."

என்னால் நம்ப முடியவில்லை. காலையில் தங்கையின் புருஷனைக் கடலில் தொலைத்துவிட்டுத் தேடியவன் இவன். டின்னைப் பிடுங்கிக்கொண்டு போய், பக்கத்தில் மீன் அவித்துக்கொண்டிருந்த அடுப்பில் அப்படியே கொட்டினேன். ரப்பர் கறுப்பாகப் புகைந்து நாறியது. மீன் அவித்தவர் என்னைத் திட்டினார். நானும் அவரைத் திட்டினேன். நசீர் எழுந்து போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்புவதாக இருந்தது. பரீனா பகல் சாப்பாட்டுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். போனேன். பாயில் பெரிய தட்டம் ஒன்று வைத்திருந்தது. இதை சஹன் என்கிறார்கள். நடுவில் நெய்ச்சோறு, மேலே இறைச்சி, ஓரங்களில் கறிகள். சுற்றி உட்கார்ந்து எல்லோரும் ஒரே தட்டத்தில் தின்ன வேண்டும். நல்ல துண்டு தன் பக்கம் கிடந்தால் பக்கத்தில் இருப்பவன் பக்கம் தள்ளிவிட வேண்டும். அதுதான் மரியாதை. எங்கள் ஊரில் ஆளுக்கு ஒரு இலை, என் சாப்பாட்டுக்கும் உன் சாப்பாட்டுக்கும் நடுவே ஒரு கோடு உண்டு. இங்கே கோடு கிடையாது.

ஒரு பக்கம் ரிஸ்வான் உட்கார்ந்திருந்தான். எதிரே நசீர். அவனையும் கூப்பிட்டிருக்கிறாள். நான் நடுவில் மாட்டிக்கொண்டேன். யாரும் கை வைக்கவில்லை.

பரீனா நின்றுகொண்டே பேசினாள். "நானா, ஒங்களுக்கு சோறு போட்டிரிக்கிறன். ஆனா நான் சொல்லுறதக் கேட்டுட்டுத்தான் நீங்க தின்னணும். இவரு வீட்ட வந்து ஒழுகுது ஒழுகுதுண்டு சொல்லுவாரு. நான் தொழுதுட்டு அல்லாட்ட துஆ கேட்டுக்கிட்டு இருந்த. ஒழுக வெச்சது எண்ட கூடப்பொறந்தவரு."

"அந்த ஒழுகலாலதான் ஒன்ட புருஷன் இவ்வளவு நாளும் எண்ட கண்ணுக்குள்ள இருந்தான்," என்றான் நசீர்.

அது பொய்யில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பாஸ், நீங்களும் கேட்டிருக்கலாம் தானே."

"நான் என்னத்தக் கேக்கணும்மா?"

"பிளேட் கீறல் மாதிரிண்டு பாத்த நீங்கதானே. ஆரு கீறினதெண்டு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

அந்த ஊரில் எல்லோரையும் திட்டிக்கொண்டு திரிந்தவன் நான். சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இனி மிதவயா ஒரு காலிக் கேன் கட்டித்தான் இவரு இறங்குவாரு," என்றாள். "இல்லாட்டி ஹாஜியார்ட மற்ற போட்டுக்கு மாறட்டும்."

"கேன் மிதந்தா நிலம் போச்சு, புள்ள." நசீரின் குரல் இறங்கிவிட்டது. "வாப்பா மன்னார்ல எல்லா நிலத்தையும் உட்டுட்டு உடுத்த சாரத்தோட வந்தவரு. மவுத்தாகுற வரைக்கும் அந்தக் கடலத்தான் கதைச்சாரு. இங்க எனக்கெண்டு இரிக்கிறது அது ஒண்டுதான். அதையும் நான் ஊருக்குக் காட்டணுமா?"

தொண்ணூறாம் வருஷம், போர் நடந்தபோது, வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பம் அவர்களுடையது. வீட்டுச் சுவரில் அந்த ஊர்ப் படம் ஒன்றும் இல்லை. அதுவரை அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பரீனா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "நிலம் போனா தேடிக்கொள்ளுங்க, நானா. நீங்க தேடுவீங்க. நான் இந்த வயசுல வெள்ளச் சீல கட்டி, மூலைல இத்தா இரிக்க ஏலா."

புருஷன் இறந்தால் மனைவி வெளியே வராமல் வீட்டுக்குள் இருக்கிற காலத்தைத்தான் இத்தா என்கிறார்கள். அந்தச் சொல் விழுந்ததும் மூன்று ஆண்களும் தலையைக் குனிந்துகொண்டோம். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

ரொம்ப நேரம் கழித்து நசீர், யாரிடமும் என்றில்லாமல் சொன்னான்: "ஒரு கேன் மிதந்தா எல்லாருக்கும் தெரியும்."

தட்டத்தின் விளிம்பை விரலால் தட்டினான்.

"கனக்க கேன், எல்லா எடத்துலயும் மிதந்தா?"

ரிஸ்வான் நிமிர்ந்து பார்த்தான். அவன் மூக்கிலிருந்து சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது. தன் பக்கம் கிடந்த இறைச்சித் துண்டுகளில் பெரியதை எடுத்து, சோற்றின் மேலாக நசீரின் பக்கம் தள்ளினான்.

"தின்னுங்க மச்சான். ஆறுது."

நான் கிளம்பவில்லை. திங்கட்கிழமை விடிந்ததும் நசீர் ஊரில் கிடந்த காலி எண்ணெய்க் கேன், தண்ணீர்க் கேன், பெயின்ட் கேன் எல்லாவற்றையும் போட்டில் ஏற்றிவிட்டான். ஹாஜியாரின் வீட்டுக் கக்கூஸ் கேனும் அதில் இருந்தது. ஹாஜியார் கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கேனுக்கும் கயிறும் கல்லும் கட்டியிருந்தான். ரிஸ்வானின் கயிற்றை மட்டும் நான் கட்டினேன். முடிச்சை மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன்.

கடலில் நசீர் போகிற வழியெல்லாம் கேன் போட்டான். சங்கு இருக்கிற இடத்தில் போட்டான். வெறும் சேறு கிடக்கிற இடத்தில் போட்டான். பாறைக்கு மேலே போட்டான். நான் அறிந்த வரையில் உலகத்தில் எவனும் மிதவையை இடத்தை மறைக்கிற இந்தக் காரியத்துக்குப் போட்டதில்லை. கடைசியில் ரிஸ்வான் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினான்.

காற்று எழும்பியது. நுரை தள்ளியது. எதிர்பார்த்த மாதிரியே இரண்டு போட்டுகள் வந்து சேர்ந்தன. ஒரு கேனிடம் போய் நின்றன, பார்த்தன, இன்னொரு கேனுக்கு ஓடின. சனிக்கிழமை ரிஸ்வானைத் தூக்கியவன் தூரத்திலிருந்து கத்தினான்: "நசீர் நானா, எண்ணெ யாவாரம் தொடங்கிட்டீங்களா?"

"ஓம். ஒனக்குக் கடனுக்குத் தாறன், வா," என்று நசீர் திருப்பிக் கத்தினான்.

நான் கேன்களைப் பார்த்தேன். மஞ்சள், நீலம், வெள்ளை. எல்லாம் அலையில் ஏறி இறங்கின. சனிக்கிழமையின் பயம் மறுபடி கிளம்பியது.

"எதுல இருக்கார்? உனக்காவது தெரியுமா, தெரியாதா?"

"கோவப்படாதீங்க, பாஸ். கொஞ்சம் பாத்துக்கிட்டு இருங்க. கல்லுல கட்டினது நிண்ட எடத்துலயே ஆடும். மச்சான்ல கட்டினது நடக்கும்."

பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு வெள்ளைக் கேன், மற்றவை எல்லாம் இருந்த இடத்தில் குதித்துக்கொண்டிருக்க, நீரோட்டத்துக்கு எதிராக மெதுவாக நகர்ந்தது. நின்றது. குனிந்து ஏதோ பொறுக்குகிறவனைப்போலக் கொஞ்சம் அமிழ்ந்தது. மறுபடி நடந்தது.

நசீர் பிளேன்டீயை இரண்டு கோப்பையில் ஊற்றி, என் பக்கம் ஒன்றைத் தள்ளினான். தள்ளும்போதும் என்னைப் பார்க்கவில்லை. நானும் கோப்பையைப் பார்க்கவில்லை. ரிஸ்வான் தலை தூக்கும் வரை அந்த டீயை இரண்டு பேருமே தொடவில்லை.